பனி உருண்டைக்குப் பின்னால் யார்?

2015ஆம் வருஷம், பிப்ரவரி மாதம் 26ஆம் தேதி. வாஷிங்டன் நகரில் அமெரிக்க செனட் சபை கூடியிருக்கிறது. ஒக்லஹோமா மாநிலத்து அங்கத்தினர் ஜேம்ஸ் இன்ஹோஃப் எழுந்து நிற்கிறார். ஒரு பைக்குள் கையை விடுகிறார். வெள்ளை வெளேரென்று ஒரு பனி உருண்டையை எடுத்துச் சபைக்குக் காட்டுகிறார். வெளியிலிருந்துதான் கொண்டு வந்தேன், வெளியே அவ்வளவு குளிர் என்கிறார். சொல்லிவிட்டு உருண்டையைச் சபைக்குள்ளேயே தூக்கிப் போடுகிறார்.

எதற்காக இந்தக் கூத்து? 2014ஆம் வருஷம் அதுவரை அளந்த வருஷங்களிலெல்லாம் அதிக வெப்பமான வருஷம் என்று விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். அதற்கு இவர் தந்த பதில்தான் அந்த உருண்டை. பனி பெய்கிறது, ஆகவே பூமி சூடாகவில்லை. முடிந்தது வழக்கு!

இவர் வழிப்போக்கரல்ல. செனட் சபையின் சுற்றுச்சூழல் கமிட்டிக்கு அன்று இவர்தான் தலைவர். வேலியே பயிரை மேய்வது என்றால் இதுதான். பூமி சூடாகிறது என்பதே அமெரிக்க மக்கள் மீது நடத்தப்பட்ட மாபெரும் மோசடி என்று 2003லேயே பேசியவர். எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் தொழில்கள் இவருடைய தேர்தல்களுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருக்கின்றன. 2024இல் இவர் காலமானார். ஆனால் இவர் எறிந்த உருண்டை இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. குளிர் கொஞ்சம் கடுமையாகும் ஒவ்வொரு வருஷமும் அது புதிதாக எறியப்படுகிறது. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் பெரும் பகுதி குளிரில் விறைத்தபோது, நல்ல பழைய பூமி வெப்பம் இப்போது கொஞ்சம் வந்தால் தேவலை என்று ஜனாதிபதி டிரம்பே கேலி செய்தார்.

நாம் இதைச் சிரித்துவிட்டு விடலாமா? கூடாது. இந்தச் சரக்கு அமெரிக்காவில் தயாரானாலும் அங்கேயே நிற்பதில்லை. கைபேசி வழியாக ஆலைவாசல் டீக்கடை வரைக்கும் வந்துவிடுகிறது. ஆகவே பிரித்துப் பார்ப்போம்.

போனஸ் வாரத்துக் கணக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம் தொழிலாளியின் கையில் போனஸ் வருகிறது. அந்த வாரத்துச் சம்பளச் சீட்டை முதலாளி தூக்கிக் காட்டி, "பார்த்தீர்களா, கூலி எவ்வளவு உயர்ந்துவிட்டது!" என்றால் நாம் என்ன சொல்வோம்? "ஐயா, ஒரு வாரத்தைக் காட்டாதே. வருஷக் கணக்கை எடு. பத்து வருஷக் கணக்கை எடு. விலைவாசியையும் பக்கத்தில் வை" என்போம். இது எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளுக்கும் தெரியும்.

வானிலை என்பது ஒரு வாரத்துச் சம்பளச் சீட்டு. பருவநிலை என்பது முப்பது வருஷத்துப் பேரேடு. இன்ஹோஃப் காட்டியது ஒரு நகரத்தின் ஒரு நாள் சீட்டு. பேரேட்டில் என்ன இருக்கிறது? அவர் உருண்டை எறிந்த 2015ஆம் வருஷம் முடிந்தபோது, உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது 2014ஐயும் மிஞ்சிவிட்டது! அதற்குப் பிறகு அதையும் மிஞ்சிய வருஷங்கள் வந்தன. 2024ஆம் வருஷம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் சுமார் ஒன்றரை டிகிரி கூடுதல்.

அமெரிக்காவின் கணக்கையே தனியாக எடுத்தாலும் இதே கதைதான். பூமி சூடாகாவிட்டால், கடும் வெயில் நாள் சாதனைகளும் கடுங்குளிர் நாள் சாதனைகளும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களில் அங்கே ஒரு குளிர்ச் சாதனைக்கு இரண்டு வெயில் சாதனைகள் பதிவாயின. குளிர் ஒழிந்துவிடவில்லை, குளிரின் பங்கு சுருங்குகிறது. விஞ்ஞானிகள் சொன்னதும் இதைத்தான்.

ஈரம் எங்கிருந்து வந்தது?

"அப்படியானால் வழக்கத்துக்கு மேல் பனி கொட்டுகிறதே, அது எப்படி?" இது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவே வேண்டியதில்லை. நூல் அறுந்து போகாமல் இருக்க ஆலைக்குள் காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு ஈரத்தை அது தாங்கும். ஒரு டிகிரி சூடு கூடினால் சுமார் 7 சதவிகிதம் கூடுதலான நீராவியைக் காற்று தாங்க முடியும். கடலும் ஏரியும் சூடானால் அந்த ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும். அந்தக் காற்று மேலே ஏறிக் குளிர்ந்தால், தாங்கிய ஈரத்தைக் கீழே போட்டுத்தான் ஆக வேண்டும். கீழே உறைநிலைக்கு மேலான சூடு இருந்தால் மழை. உறைநிலைக்குக் கீழே இருந்தால் பனி.

வட அமெரிக்காவின் ஜனவரி மாதம் ஒன்றிரண்டு டிகிரி சூடானதால் மட்டும் சித்திரை மாதமாகிவிடாது. அங்கே உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே இருந்த இடம் எட்டு டிகிரி கீழே வரும். இன்னும் பனிதான் பெய்யும். ஆனால் ஈரம் கூடிய பனி. எலும்பை உறைய வைக்கும் வறண்ட குளிரில் பெரும்பனி கொட்டுவதில்லை. தென் துருவத்தின் உட்பகுதியைப் பாருங்கள்: உலகிலேயே கடுங்குளிர் அங்கேதான். ஆனால் அங்கே வருஷம் முழுவதும் விழும் பனியை உருக்கினால் சில அங்குலத் தண்ணீர்கூடத் தேறாத பாலைவனம் அது! குளிர் மட்டும் இருந்தால் பனி வராது, ஈரமும் வேண்டும்.

பஃபலோ என்ற தொழில் நகரம் ஈரீ ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரி உறைந்து மூடிக்கொண்டால், காற்று அதிலிருந்து ஈரத்தை எடுக்க முடியாது. ஏரி உறையாமல் திறந்து கிடக்கும்போது வடக்கேயிருந்து குளிர்காற்று வந்தால், ஈரத்தை வாரிக்கொண்டு போய்க் கரையில் கொட்டுகிறது. 2022 நவம்பரில் அந்த நகரத்தின் தெற்குப் பக்கத்து ஊர்களில் ஆறரை அடிக்கு மேல் கொட்டியது. நீண்ட காலக் கணக்கில் அந்தப் பேரேரிகளில் பனிக்கட்டி மூடுவது குறைந்து வருகிறது. ஏரி திறந்திருக்கும் நாள் கூடுகிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறோம். வட துருவம் வேகமாகச் சூடாவதால், அங்கே சுழலும் குளிர்காற்று வளையம் தளர்ந்து தெற்கே அடிக்கடி வழிகிறதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. சிலர் அவசரப்பட்டும் பேசியிருக்கிறார்கள். 2000ஆம் வருஷத்தில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை, பனிப் பொழிவு இனி பழங்கதை என்ற தலைப்பில் செய்தி போட்டது. 2010 டிசம்பரில் பிரிட்டன் நூறு வருஷங்களில் காணாத கடுங்குளிரைக் கண்டது. எதிரிகள் அந்தத் தலைப்பை இன்றும் கொண்டாடுகிறார்கள். தவறு தவறுதான். ஆனால் ஒரு பத்திரிகைத் தலைப்பு தவறியதால், உலகம் முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் அளக்கப்பட்ட சூடு பொய்யாகிவிடுமா? கணக்குப்பிள்ளை ஒரு வரியைத் தப்பாக எழுதினான் என்பதற்காகப் பட்ட கடன் இல்லையென்று ஆகிவிடுமா?

முப்பத்து நான்கு நாட்கள் கழித்து

செனட் சபையில் உருண்டை எறியப்பட்டு முப்பத்து நான்கு நாட்கள். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி. அமெரிக்காவின் மேற்குக் கரை. கலிபோர்னியா மாநிலத்துக் கவர்னர் ஜெர்ரி பிரவுன் சியரா நெவாடா மலையில் ஒரு புல்வெளியில் நிற்கிறார். வருஷா வருஷம் அந்தத் தேதியில் அங்கே ஐந்தடிப் பனி கிடக்க வேண்டும். அன்று காலடியில் காய்ந்த புல். மலை முழுவதும் கிடந்த பனி வழக்கமான அளவில் 5 சதவிகிதம்தான்!

அந்த மலைப் பனிதான் கோடையில் உருகி ஓடி வந்து கலிபோர்னியாவின் வயல்களை நனைக்கிறது. நமக்கு அணை எப்படியோ அவர்களுக்கு மலைப் பனி அப்படி. அந்த அணை காலி. மாநில சரித்திரத்தில் முதல் தடவையாக நகரங்களின் தண்ணீரில் கால் பங்கை வெட்டும்படி கவர்னர் உத்தரவிட்டார். அந்த வருஷம் சுமார் 5,40,000 ஏக்கர் தரிசாகக் கிடந்தது என்றும், 21,000 பேருக்கு வேலை பறிபோனது என்றும் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தார் கணக்கிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நேரடியாக வயலில் வேலை செய்தவர்கள். காய் பறிப்பவர்கள், களை எடுப்பவர்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள்.

கிழக்கே பாஸ்டன் நகரத்தில் அதே குளிர்காலத்தில் ஒன்பது அடிக்கு மேல் பனி. மேற்கே மலையில் வெறுந்தரை. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே பருவத்தில். செனட்டர் துரையவர்கள் எந்தப் பக்கத்து மண்ணை உருட்டிக்கொண்டு வந்தார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. விவசாயக் கூலியின் காய்ந்த மண்ணை ஒரு பிடி பையில் போட்டுக்கொண்டு வந்து ஏன் காட்டவில்லை?

2010ஆம் வருஷமும் இதே நாடகம் நடந்தது. பிப்ரவரியில் வாஷிங்டனில் பெரும்பனி கொட்டியது. இன்ஹோஃப் குடும்பத்தார் சபைக்குப் பக்கத்தில் பனிவீடு கட்டி, பூமி வெப்பத்தைப் பற்றிப் பேசிவந்த முன்னாள் உப ஜனாதிபதி அல் கோரின் புது வீடு இது என்று பலகை வைத்தார்கள். அதே பிப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அங்கே சறுக்கு விளையாட்டு மலையில் பனி இல்லை! லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனியைக் கொண்டு வந்து கொட்டினார்கள். அந்தப் படம் யார் கண்ணில் பட்டது?

மினியாபோலிஸ் விளம்பரம்

இந்த வாதத்தை ஒரு செனட்டர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்று நினைக்க வேண்டாம். இதற்குத் தாயும் தகப்பனும் உண்டு.

1991ஆம் வருஷம். அமெரிக்க நிலக்கரி முதலாளிகளும் மின்சாரக் கம்பெனிகளும் பணம் போட்டு ஒரு "தகவல் கவுன்சில்" நடத்தினார்கள். சில சிறு நகரங்களைத் தேர்ந்தெடுத்துப் பத்திரிகையிலும் ரேடியோவிலும் விளம்பரம் செய்தார்கள். பூமி சூடாகிறதென்றால் மினியாபோலிஸ் நகரம் ஏன் குளிர்ந்து வருகிறது என்று கேட்டது ஒரு விளம்பரம். பனி உருண்டையின் பிறப்பிடம் இதுதான். பூமி சூடாவதை உண்மை என்றில்லாமல் வெறும் ஊகம் என்று ஜனங்கள் எண்ணும்படி செய்வதே நோக்கம் என்று அவர்களுடைய உள் காகிதங்களில் எழுதியிருந்தது. அந்தக் காகிதங்கள் அதே வருஷம் வெளியே வந்துவிட்டன.

யாரைக் குறிவைத்தார்கள் தெரியுமா? தோழர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். படிப்பு அதிகமில்லாத, வயதான ஆண்கள். வருமானம் குறைந்த இளம் பெண்கள். இதுவும் அந்தக் காகிதத்தில் இருந்ததுதான். பல்கலைக் கழகப் பேராசிரியரிடம் இந்தச் சரக்கு விற்காது என்று அவர்களுக்குத் தெரியும். சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவனிடமும், கடையில் நின்று கால் வீங்கியவளிடமும் விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஏழையின் உழைப்பைத் திருடினார்கள், நிலத்தைத் திருடினார்கள். இப்போது அவனுடைய அறிவையும் திருடப் பார்த்தார்கள். நமக்குக் கோபம் வர வேண்டிய இடம் இதுதான்.

முதலாளிகளுக்கு உண்மை தெரியாதா? நன்றாகத் தெரியும்! எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977லேயே மேலதிகாரிகளிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னார். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்றார். அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் எதிர்கால வெப்பத்தைக் கணக்கிட்டும் வைத்தார்கள். 2023இல் பிற விஞ்ஞானிகள் அந்தப் பழைய கணக்குகளை நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் துல்லியம்! கணக்கைப் பெட்டியில் பூட்டிவிட்டு அந்தக் கம்பெனியின் தலைவர் லீ ரேமண்ட் 1997இல் பீகிங் நகரத்து மாநாட்டில் என்ன பேசினார்? இருபது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிடப் பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். இதை அறியாமை என்று யாராவது சொல்ல முடியுமா? பச்சைப் புளுகு.

டெக்ஸாஸ் இருளில்

பொய்யினால் உயிர் போகுமா என்று கேட்பவர்களுக்கு டெக்ஸாஸ் மாநிலத்தைக் காட்டுகிறோம்.

2021 பிப்ரவரியில் அங்கே கடும் பனிப் புயல். 45 லட்சம் வீடுகளிலும் கட்டடங்களிலும் மின்சாரம் நின்றது. குழாய்கள் உறைந்து வெடித்தன. கணப்புக்கு வழியில்லாமல் ஜனங்கள் காருக்குள் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு, புகை மூட்டத்தில் மாண்டார்கள். மாநில சர்க்காரின் கணக்கிலேயே 246 சாவு. ஏழைகள் பேட்டைகள் இருண்டு கிடக்க, ஆளில்லாத ஆபீஸ் மாளிகைகளில் விளக்கு எரிந்தது.

மாநிலக் கவர்னர் என்ன செய்தார்? புயல் ஓயும் முன்பே தொலைக்காட்சியில் தோன்றி, காற்றாலையும் சூரிய மின்சாரமும் நின்றதால் வந்த வினை இது என்றார். மத்திய சர்க்காரின் மின்சார அதிகாரிகள் விசாரித்தபோது உண்மை வந்தது. எதிர்பாராமல் நின்றுபோன மின் நிலையங்களில் பாதிக்கு மேல் எரிவாயு நிலையங்கள். கிணறும் குழாயும் யந்திரமும் உறைந்துபோயின. 2011இலும் இதேபோல் குளிர் வந்து மின்சாரம் நின்றது. யந்திரங்களுக்குக் குளிர்காப்புச் செய்யுங்கள் என்று அப்போதே எழுதிக் கொடுத்திருந்தார்கள். செலவு பிடிக்கும் என்று கம்பெனிகள் கிடப்பில் போட்டன. சர்க்காரும் கட்டாயப்படுத்தவில்லை.

செலவைத்தான் செய்யவில்லை, வரவையாவது விட்டார்களா? அந்த நான்கைந்து நாட்களில் மொத்த மின்சார விலை ஒரு யூனிட்டுக்கு 9 டாலர் வரை ஏறி நின்றது. சில வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற ஒரே ஒரு குழாய்க் கம்பெனிக்கு மட்டும் அந்தப் புயலினால் கிடைத்த லாபம் சுமார் 240 கோடி டாலர்! எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள் நம் ஊரில். இவர்கள் உறைகிற வீட்டில் பிடுங்கினார்கள்.

பஃபலோ நகரத்திலும் இதே பாடம். 2022 டிசம்பர் 23ஆம் தேதி பெரும் பனிப்புயல் வந்தது. சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்ற தடை அன்று காலை, வேலைக்குப் போகிறவர்கள் புறப்பட்டுப் போன பிறகே வந்தது. நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்து 47 பேர் இறந்தார்கள். நகருக்குள் இறந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். பனி எல்லார் மேலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. சாவு அப்படி விழுவதில்லை.

வேலை போய்விடுமாம்!

உருண்டை எடுபடாத இடத்தில் முதலாளிகள் வேறொரு ஆயுதத்தை எடுக்கிறார்கள். நிலக்கரியைக் குறைத்தால் தொழிலாளியின் சோறு போய்விடும் என்கிறார்கள். திடீரென்று எவ்வளவு இரக்கம்!

கணக்கைப் பார்ப்போம். 1920களில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 8 லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1990இல் சுமார் 1,30,000. பருவநிலை பற்றி உலக நாடுகள் எந்த ஒப்பந்தமும் செய்வதற்கு முன்பே ஏழில் ஆறு பங்கு வேலைகள் போய்விட்டன. யார் எடுத்தார்கள்? யந்திரத்தைக் கொண்டு வந்து ஆளைக் குறைத்தவர்களும், மலையின் தலையையே வெட்டிக் கரி எடுத்தவர்களும் எடுத்தார்கள். அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்களா?

ஆனால் சுரங்கத் தொழிலாளியின் பயம் பொய்யல்ல. அதை நாம் மதிக்கிறோம். சுரங்கத்தை மூடுகிறவன், மாற்று வேலைக்கும் பென்ஷனுக்கும் வழி செய்துவிட்டு மூட வேண்டும். வழி செய்யாமல் மூடுவது அநியாயம். அந்தப் பயத்தைக் காட்டி உண்மையை மூடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

"சீனாவும் இந்தியாவும் புகை விடவில்லையா?" என்றும் கேட்கிறார்கள். விடுகின்றன. இன்று வருஷக் கணக்கில் அதிகம் விடுவது சீனாதான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதுவரை வானத்தில் சேர்ந்திருக்கும் மொத்தக் கரியில் அதிகப் பங்கு, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அமெரிக்காவுடையது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் ஓர் அமெரிக்கன் விடுவது ஓர் இந்தியன் விடுவதைப்போல் ஆறேழு மடங்கு. அந்த இந்தியனிலும் குளிர்சாதன மாளிகைக்காரரையும், ஓலைக் குடிசைக்காரரையும் ஒரே தட்டில் நிறுக்க முடியுமா?

நமக்கு என்ன?

பனியைப் படத்தில் மட்டும் பார்த்த நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அங்கே பனியைக் கனமாக்கும் அதே ஈரம்தான் இங்கே மழையைக் கனமாக்குகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்துவிட்டோமா? அந்த ஒரு மழைக்குச் சூடு மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் நாமும் உருண்டை எறிகிறவர்களாகி விடுவோம். ஆனால் சூடான கடலும், ஈரம் ஏறிய காற்றும் இப்படிப்பட்ட மழைக்கு எண்ணெய் வார்க்கின்றன என்பது இயற்கையின் விதி. மழையும் வெயிலும் கணக்குத் தப்பி வந்தால் முதலில் அடிபடுவது யார்? நாற்றங்காலை நம்பியிருக்கும் கூலியாள். வெயிலில் கரும்பு வெட்டுகிறவன். தகரக் கூரைக்கடியில் ஷிப்டு பார்க்கிறவள்.

1958இல் ஹவாய் தீவின் மலைச் சரிவில் காற்றை அளக்கத் தொடங்கினார்கள். அப்போது பத்து லட்சம் பங்குக் காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இன்று 420க்கு மேல். அந்த எண் கட்சி பார்ப்பதில்லை, தேசம் பார்ப்பதில்லை, ஒரு குளிர்காலத்துக்காகக் கீழே இறங்குவதுமில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த மார்கழியில் யாராவது ஒரு பனிப் படத்தைக் காட்டி, "எங்கேயப்பா சூடு?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்டவர் எதிரியல்ல; அவரும் நம்மைப்போல் ஏமாற்றப்பட்டவர்தான். பக்கத்தில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இது ஒரு நாள் சீட்டா, முப்பது வருஷப் பேரேடா? இந்த ஈரம் எங்கிருந்து வந்தது? இந்தப் படத்தை உன் கைக்கு அனுப்பியதில் யாருக்கு லாபம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கிவிட்டால், மற்ற இரண்டுக்கும் அவரே விடை சொல்லிவிடுவார். செனட்டரின் கையிலிருந்த உருண்டை அன்று சபையின் தரையிலேயே உருகித்தான் போயிருக்கும். ஒரு பிடித் தண்ணீர். அவ்வளவுதான் அதன் ஆயுள். பொய்யின் ஆயுளும் அவ்வளவுதான், நாம் அதைக் கையில் எடுத்து வெயிலில் வைத்தால்!